மூன்றரை மாதத்துக்குள்

பிறவியிலேயே நோய் எதிர்ப்பு ஆற்றல் அற்ற குழந்தைகளுக்கு நிரந்தரத் தீர்வு தரக்கூடிய சிகிச்சை, ரத்தக் குருத்தணு மாற்று. இந்த எதிர்ப்பாற்றல் குறைபாடுகளில் மிகக் கொடியது ‘ஸ்கிட்’ (SCID). மரபணுக் கோளாறால், நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களான டி-செல்கள் உருவாவதில்லை. சிகிச்சை கிடைக்காவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் ஒன்றிரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

விடாத சளி, வயிற்றுப்போக்கு, நாக்கில் வெள்ளைப் படலம், ஏறாத எடை ஆகியவை அறிகுறிகள். வடசென்னையின் எர்ணாவூர், எண்ணூர் போன்ற புகை சூழ்ந்த பகுதிகளில் கைக்குழந்தையின் இருமலுக்குக் காற்றின் மேல் பழிபோட்டுவிடுவது எளிது. ஆனால் தடயம் இடது தோளிலும் இருக்கலாம். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த, உயிருள்ள கிருமி. மற்ற குழந்தைகளுக்குத் தழும்போடு முடிகிற அது, ஸ்கிட் குழந்தைக்கு ஆறாப் புண்ணாகி, அக்குளில் கட்டி கட்டி, உடலெங்கும் பரவக்கூடும். முன்பு ஒரு சிசு கிருமித்தொற்றால் இறந்த குடும்பத்தில், அடுத்த குழந்தைக்குப் பரிசோதனை முடியும்வரை இந்த ஊசியைத் தள்ளிவைக்க வேண்டும். அத்தை மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் மணம் முடித்த வீடுகளில், ஒரே பழுதான மரபணு இருபுறமும் வந்துசேரும் வாய்ப்பு கூடுதல்.

சந்தேகம் எழுப்பப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. சாதாரண ரத்த அணுப் பரிசோதனை போதும். ஒரு மைக்ரோலிட்டரில் 2,000 லிம்போசைட் என்பது பெரியவர்களுக்கு இயல்பு, கைக்குழந்தைக்கோ மிகக் குறைவு. அந்த வித்தியாசத்தைக் கவனிக்கும் கண்தான் வேண்டும்.

உலகில் முதன்முதலாக 1968இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினர், ஸ்கிட் குழந்தை ஒன்றுக்கு குருத்தணுக்கள் அடங்கிய அதன் அக்காளின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்திக் காப்பாற்றினர். வேலூர் சி.எம்.சி.யில் மஜ்ஜை மாற்று 1986இல் தொடங்கியது. சென்னை அப்போலோவில் எதிர்ப்பாற்றல் குறைபாட்டுக் குழந்தைகளுக்கும் இது செய்யப்படுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் மஜ்ஜை மாற்றுக்கு இடமுண்டு.

கத்தி வைக்காத சிகிச்சை இது. பலருக்கும் முதலில் மருந்தால் பழைய மஜ்ஜையை அடக்குவார்கள். பிறகு புதிய குருத்தணுக்கள், ரத்தம் ஏற்றுவதுபோல ரத்தக்குழாய் வழியே இறங்கும். மஜ்ஜைக்குப் போகும் வழியை அவையே கண்டுகொள்ளும். உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பொருந்தாதபோது, பாதி பொருந்தும் தாயோ தந்தையோ கொடுக்கலாம். வந்த அணுக்கள் குழந்தையின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்குவதே பெரிய ஆபத்து.

வயதும் தொற்றும் முடிவை மாற்றுகின்றன. 2014இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், மூன்றரை மாதத்துக்குள் மாற்று பெற்றவர்களில் 94 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடிருந்தனர். அந்த வயதைத் தாண்டி, தொற்றோடு சிகிச்சைக்கு வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரே பிழைத்தனர். 2018க்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் பச்சிளம் குழந்தைகளுக்கு ஸ்கிட் பரிசோதனை வந்துவிட்டது. இந்தியாவில் நாடு தழுவிய அளவில் அது இன்னும் இல்லை.

மாற்றுக்குப் பின் தடுப்பூசிகளை முதலிலிருந்து போட வேண்டும். உயிருள்ள கிருமி கொண்டவற்றுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகளாவது பொறுத்திருப்பார்கள்.