தொட்டியில் அடங்கிய சமுத்திரம்

கர்நாடகத்து மேல்கோட்டையில் யோகநரசிம்மர் சந்நிதிக்குப் படியேறுகிறவர்கள் திரும்பிப் பார்த்தால் கல்யாணி தீர்த்தம் கண்ணில் படும். சமுத்திரமோ நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதனால் இவ்வூர்ப் பிள்ளை ஒருவனுக்குக் கப்பல் சாஸ்திரத்தில் ஆசை பிறந்தால் பெற்றோர் திகைக்கக்கூடும், திகைக்க வேண்டியதில்லை. 1952 முதல் கப்பற் கட்டுமானத்தைக் கற்பித்துவரும் கரக்பூர் ஐஐடியே கடற்கரையில் இல்லை. அலையில் கப்பல் என்ன பாடுபடும் என்பதை அறிவதற்கு வேண்டியவை நாற்புறமும் சுவர் எழுப்பிய ஒரு நீண்ட தொட்டியும், அதன் ஒரு முனையில் அலை எழுப்பும் யந்திரமும், நிரம்பப் பொறுமையுமே.

இந்த மார்க்கத்தைக் காட்டியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட். 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் மகா கப்பலை வடிவமைத்த பொறியாளர் புருனெல், அது கடலில் எவ்வாறு ஆடும் என்று ஆராயும்படி, முன்பு தம்மிடம் ரயில்பாதை வேலை பார்த்த இவரைக் கேட்டுக்கொண்டார். 1861-இல் கப்பல்களின் ஆட்டத்தைப் பற்றிய ஃப்ரூடின் கட்டுரை வெளிவந்தது. டார்க்கியில் தம் வீட்டருகே அவர் அமைத்த தொட்டியில் 1872 முதல் மெழுகால் செய்த மாதிரிக் கப்பல்களை இழுத்துச் சோதித்தார். அதற்கு இரண்டாண்டு முன்னர்தான் 'கேப்டன்' என்ற புத்தம்புதிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் புயலில் கவிழ்ந்து, 450 பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள்.

அலையின் உயரத்தைப் பார்த்தே நாம் அஞ்சுகிறோம். கப்பல் அஞ்ச வேண்டியதோ பெரும்பாலும் அலையின் காலத்துக்கு. இருபுறமும் ஒருமுறை சாய்ந்து நிமிர ஒவ்வொரு கப்பலும் எடுத்துக்கொள்ளும் காலம் அதன் ஸ்வபாவம். 20 மீட்டர் அகலமுள்ள சரக்குக் கப்பலுக்கு அது 12 விநாடியாகவும் இருக்கலாம், 16 விநாடியாகவும் இருக்கலாம். பக்கவாட்டு அலைகள் அதே இடைவெளியில் வந்துகொண்டிருந்தால், தக்க தருணத்தில் தள்ளுகிற சிறு கை ஊஞ்சலை உத்தரம்வரை உயர்த்துவதுபோல, நடுத்தர அலைகளே கப்பலைப் பயங்கரமாகச் சாய்த்துவிடும்.

சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறையிலுள்ள 82 மீட்டர்த் தொட்டியிலும், விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் 500 மீட்டர்த் தொட்டியிலும் நடைபெறுவது அடிப்படையில் ஃப்ரூட் தொடங்கிய வேலைதான். 180 மீட்டர்க் கப்பலை 36-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 5 மீட்டர் மாதிரி கிடைக்கும். 6 மீட்டர் அலை 17 சென்டிமீட்டருக்குக் குறுகிவிடும். ஆனால் காலமும் வேகமும் அப்படிச் சுருங்காமல், 36-இன் வர்க்கமூலமாகிய 6-இல் ஒரு பங்காகும். ஆகவே கடலில் 12 விநாடி எடுக்கும் ஆட்டம் தொட்டியில் 2 விநாடியில் முடிகிறது. எடையோ 46,656-இல் ஒரு பங்கு. 20,000 டன் கப்பலின் மாதிரி சுமார் 430 கிலோதான். அந்த எடையை ஈயக்கட்டிகளால் நிரப்பிவிட்டால் மட்டும் போதாது, அது இருக்க வேண்டிய இடத்திலும் இருக்க வேண்டும். அதனால் ஒரு கட்டியை விளிம்புப் பக்கம் நகர்த்தி, மாதிரி எத்தனை பாகை சாய்கிறது என்று அளக்கிறார்கள். அசையாத நீரில் அதைக் கையால் சாய்த்துவிட்டு, ஆடி ஓய்வதைக் கணக்கிடுகிறார்கள். கணக்குப் பிசகினால் கட்டிகளை மாற்றி அடுக்கி மறுபடியும் ஆரம்பிக்கிறார்கள். அலையில் ஓடும் ஓட்டம் சொற்ப நேரமே. அடுத்த ஓட்டத்துக்குமுன் நீர் சலனம் அடங்கும்வரை காத்திருப்பதுதான் நீளம்.

சாய்ந்தவுடன் வெடுக்கென்று நிமிரும் கப்பலே உத்தமம் என்று நமக்குத் தோன்றும். கவிழும் அபாயம் அதற்குக் குறைவு என்பது மெய்யே. ஆனால் அந்த வெடுக்கில் சரக்கைக் கட்டிய சங்கிலி அறும், மாலுமிக்குக் குடல் புரளும். நிதானமாக நிமிரும் கப்பல் சுகமானது, ஆனால் ஆபத்துக்குச் சற்று அருகில் நிற்பது. இரண்டுக்கும் நடுவே ஓரிடம் தேடுவதுதான் கப்பற்சிற்பியின் பாடு. நம் கடற்கரைக் கட்டுமரத்துக்கு இந்தச் சங்கடமே இல்லை: அது அலையின் சரிவோடு தானும் சரிந்து, மேலே ஏறிய நீரை மரங்களின் இடுக்கில் வடியவிட்டுப் போய்க்கொண்டிருக்கும். பத்தாயிரம் டன் சரக்கை அதில் ஏற்ற முடியாது என்பதுதான் குறை.

பக்க அலைக்குத்தான் பயம், எதிர் அலையை நேர்முகமாக ஏற்றால் கப்பல் உருளாது என்று மாலுமிகள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1998 அக்டோபரில் 'ஏபிஎல் சைனா' என்ற கண்டெய்னர் கப்பல் பசிபிக் சமுத்திரத்தில் எதிர் அலையிலேயே 35 பாகை அளவுக்குச் சாய்ந்து சாய்ந்து ஆடி, நூற்றுக்கணக்கான கண்டெய்னர்களைக் கடலில் பறிகொடுத்தது. முனையகன்ற அத்தகைய கப்பலின் நடுவில் அலைமுகடு வரும்போது அதன் நிமிரும் சக்தி குறைந்து, பள்ளம் வரும்போது கூடுகிறது. ஊஞ்சலில் நின்றபடியே குந்தியும் எழுந்தும் உந்துகிற சிறுவன் ஓர் ஆட்டத்துக்கு இருமுறை அப்படிச் செய்வதுபோல, ஓர் உருளலுக்கு இரண்டு அலை என்று அமைந்துவிட்டால், பக்கத்திலிருந்து யாரும் தள்ளாமலே ஆட்டம் வளர்கிறது. இந்த விசித்திரம் காகிதத்தில் முன்பே தெரிந்ததுதான். நெதர்லாந்துத் தொட்டியில் அதே கப்பலின் மாதிரி அப்படியே ஆடிக்காட்டிய பிறகே அதைப் பலரும் பொருட்படுத்தினார்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2007-இல் கப்பல் தலைவர்களுக்கு அனுப்பிய அறிவுரையில் எதிர் அலையின் இந்த அபாயமும் சேர்ந்திருக்கிறது: அலை வந்து சந்திக்கும் காலத்தைக் கவனித்து, அது கப்பலின் சொந்தக் காலத்துக்கோ அதில் பாதிக்கோ நெருங்கினால், வேகத்தையாவது திசையையாவது மாற்றிவிட வேண்டும்.