காரம் வேறு, சூடு வேறு: குளிர்கால முகாமில் நம் சமையல்

உணவு, உடை, உறைவிடம் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக வாழும் நமக்கு, உணவு உடலுக்கு வெப்பமும் தருகிறது என்பது பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை. கேமரன் மலையில் இரவு கொஞ்சம் குளிர்ந்தாலே போர்வையைத் தேடுகிறோம். நம் முன்னோர் முன்பனி, பின்பனி என இரண்டு பருவங்களை வகுத்தனர். அவர்கள் கண்ட பனி பெரும்பாலும் புல்நுனியில் நிற்கும் துளிதான். பாட்டிலில் உள்ள நீரை இரவோடு இரவாகக் கல்லாக்கும் பனி வேறு வகை. அந்தப் பனியில் கூடாரம் போட்டுத் தங்குபவருக்கு ஒரு கிண்ணம் சூடான உணவு வெறும் சுவைக்காக மட்டும் அன்று. அது அவருடைய பாதுகாப்பில் ஒரு பங்கு.

நியூசிலாந்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் குளிர்காலம். நம் ஆண்டு நடு விடுமுறையும் ஏறக்குறைய அதே காலத்தில் வருவதால், மலேசிய, சிங்கப்பூர் மாணவர்கள் பலர் வாடகை வாகனம் எடுத்து அந்நாட்டின் தென் தீவைச் சுற்றிவரப் புறப்படுகின்றனர். தெக்காப்போ ஏரி, 3,724 மீட்டர் உயரமுள்ள ஆவுராக்கி எனப்படும் குக் மலை, அதன் அடிவாரத்தில் உள்ள வெள்ளைக் குதிரைக் குன்று முகாம் போன்றவை விரும்பிச் செல்லும் இடங்கள். அழகான இடங்கள்தாம். ஆனால், அத்தீவின் உட்பகுதியில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே செல்வது சாதாரணம். 1903ஆம் ஆண்டு ஜூலையில் ரான்பர்லி வட்டாரத்தில் பதிவான -25.6 பாகை செல்சியசே அந்நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை. அப்படிப்பட்ட நிலத்தில் நாம் எதைச் சமைப்பது, எப்படிச் சமைப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உடலே ஓர் அடுப்பு

நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை. அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் மருத்துவ முறையில் அபாய நிலை. இந்த வெப்பத்தைக் காக்க உடல் தொடர்ந்து எரிபொருளைச் செலவிடுகிறது. நாம் நடுங்குவதும் தசைகள் வெப்பத்தை உண்டாக்கும் முயற்சியே. அந்த முயற்சிக்கு எரிபொருள் உணவு.

ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருகிறது, புரதமும் அவ்வளவே. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. ஆகவே, வீட்டில் நாம் குறைத்துக்கொள்ளும் வெண்ணெயும் நெய்யும் முகாமில் நமக்கு நண்பர்கள். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் ஏறத்தாழ 100 கலோரி உண்டு. மாவுச்சத்து விரைவில் எரியும் சுள்ளி. கொழுப்பு மெல்ல எரியும் கட்டை. மாலையில் முகாமுக்கு வந்தவுடன் சுள்ளி வேண்டும். படுக்கப் போகும் முன் கட்டை வேண்டும்.

குளிரில் தாகம் சரியாகத் தெரியாது. தாகம் எடுக்கவில்லை என்பதற்காக நீர் அருந்தாமல் இருந்தால் உடல் சோர்ந்துவிடும். சூப், கஞ்சி, தேநீர் என நீரும் சூடும் சேர்ந்து வரும் உணவுகள் இதனால்தான் முகாமுக்கு ஏற்றவை.

மிளகாய் செய்யும் மாயம்

நம்மவர் பலர் செய்யும் முதல் யோசனை, “நன்றாகக் காரம் போட்டுச் சாப்பிட்டால் குளிர் தெரியாது” என்பதே. இதில் பாதி மட்டுமே உண்மை. குளிர் தெரியாது, ஆனால் குளிர் போய்விடாது.

மிளகாயில் உள்ள கேப்சைசின் என்னும் பொருள், வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகிறது. சுடுநீர் பட்டால் எந்த உணர்வி விழித்துக்கொள்கிறதோ அதே உணர்விதான் மிளகாய்க்கும் விழிக்கிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சுடுகிறது என்று நம்பும் உடல், தன்னைக் குளிர்விக்க வியர்க்கத் தொடங்குகிறது. வியர்வை உடையை நனைக்கிறது. நனைந்த உடை குளிரில் உடலின் வெப்பத்தை வாரிக்கொண்டு போகிறது. எனவே, முகாம் உணவில் காரம் நாவுக்கு மட்டும் இருக்கட்டும்; நெற்றியில் வியர்வை அரும்பும் அளவு வேண்டாம். மதுவும் இத்தகைய மாயமே. அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்துக் கதகதப்பு தருவதுபோல் காட்டி, உள்வெப்பத்தை வெளியே விட்டுவிடுகிறது.

எரிவாயுவும் பனிக்கட்டியும்

ஸ்டீம்போட் உண்ணும்போது மேசையில் வைக்கும் சிறிய கேஸ் அடுப்பை நாம் எல்லோரும் அறிவோம். நியூசிலாந்திலும் அதே வகை அடுப்பு எளிதில் கிடைக்கும். அதற்கான நீண்ட டின்னில் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன். பியூட்டேன் -0.5 பாகையில்தான் திரவத்திலிருந்து வாயுவாக மாறும். அதற்குக் கீழே குளிர்ந்தால் டின்னில் கேஸ் நிறைய இருந்தும் அடுப்பு எரியாது. ஐசோபியூட்டேன் ஏறத்தாழ -12 பாகையிலும் புரோப்பேன் -42 பாகையிலும் வாயுவாகின்றன. ஆகையால், இவ்விரண்டும் கலந்த குளிர்கால டின்னை மலையேற்றப் பொருள்கள் விற்கும் கடையில் வாங்குவதே நல்லது. இரவில் அந்த டின்னைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் அடுப்பு தயங்காது. டின்னை நெருப்பில் காட்டிச் சூடாக்குவது உயிருக்கே ஆபத்து. காற்றுத் தடுப்பு வைக்கும்போதும் டின்னைச் சுற்றி அடைத்துவிடக் கூடாது.

அடுத்தது நீர். சுற்றிலும் பனி கிடக்கிறதே, உருக்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். கணக்கைப் பார்ப்போம். 0 பாகையில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க மட்டும் 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உருகிய அந்த நீரைக் கொதிக்க வைக்க மேலும் 420 கிலோஜூல் வேண்டும். அதாவது, பனியிலிருந்து தேநீர் போடுபவர் குழாய் நீரிலிருந்து போடுபவரைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு கேஸ் செலவிடுகிறார். ஆகவே, பகலிலேயே நீரைப் பிடித்துப் பானையிலும் பாட்டிலிலும் நிரப்பி வைத்துவிட வேண்டும். பானையில் இருக்கும் நீர் இரவில் உறைந்தாலும் அப்படியே அடுப்பில் ஏற்றிவிடலாம். வேறு வழியின்றிப் பனியை உருக்க நேர்ந்தால், முதலில் பானையின் அடியில் சிறிது நீர் ஊற்றிக்கொண்டு, பிறகு பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். இல்லையேல் அடி தீய்ந்து நீரில் வாடை வரும்.

மூடி போட்டுச் சமைப்பது எரிவாயுவை மிச்சப்படுத்தும் மிக எளிய வழி. கொதி வந்த பானையை இறக்கித் தடித்த துவாலையிலோ கம்பளியிலோ சுற்றி வைத்துவிட்டால், எஞ்சியதை அதன் சொந்தச் சூடே வேக வைத்துவிடும்.

புறப்படும் முன்

நியூசிலாந்து தன் விவசாயத்தையும் காடுகளையும் நோயிலிருந்து காக்க மிகக் கடுமையான எல்லைச் சோதனை நடத்துகிறது. பையில் உள்ள எல்லா உணவுப் பொருள்களையும் அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால் அவ்விடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் தண்டம் விதிக்கப்படலாம். அம்மா கட்டிக்கொடுக்கும் கறிவேப்பிலை, பழம், தேன் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். சேறு படிந்த காலணியும் கூடாரமும்கூடச் சோதிக்கப்படும்; கழுவிக் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள். கேஸ் டின்னை விமானத்தில் கொண்டு செல்லவே முடியாது. கடையில் வாங்கிய, முத்திரை உடையாத மசாலாப் பொட்டலங்களையும் அறிவித்த பிறகே கொண்டு செல்லுங்கள். அரிசி, பருப்பு, ரவை, வெண்ணெய், கிழங்கு போன்றவற்றை அங்குள்ள பேரங்காடியில் வாங்கிக்கொள்ளலாம்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு குறிப்பு. நாம் வீட்டில் பயன்படுத்தும் செம்பனை எண்ணெய் குளிரில் உறைந்துவிடும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையிலேயே கட்டியாகிவிடும். சூரியகாந்தி எண்ணெய் நீர்மமாகவே இருக்கும்.

ஐந்து எளிய உணவுகள்

கீழ்க்காணும் அளவுகள் நால்வருக்கானவை. ஒரே அடுப்பும் ஒரே பானையும் போதும்.

1. இஞ்சி மிளகுச் சாறு: முகாமை அடைந்தவுடன் செய்ய வேண்டியது. 5 கோப்பை நீரில் நசுக்கிய இஞ்சி, பூண்டு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தக்காளி, உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விடவும். இறக்கும்போது ஒரு கரண்டி வெண்ணெய் சேர்க்கவும். கோப்பையைப் பிடிக்கும் கைகளுக்கும் சூடு கிடைக்கும். கூடாரம் போடுவதற்கு முன்பே இதைக் குடித்துவிட்டால் விரல்கள் சொன்னபடி கேட்கும்.

2. பருப்புக் கஞ்சி: இரவு உணவு. 2 கோப்பை அரிசி, 1 கோப்பை மைசூர்ப் பருப்பு இரண்டையும் மாலையில் அரை மணி நேரம் ஊற வைக்கவும். துவரம்பருப்பு வேண்டாம், பிரஷர் குக்கர் இல்லாமல் அது வேக நெடுநேரமாகும். 9 கோப்பை நீர், மஞ்சள்தூள், சீரகம், இஞ்சி சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, மூடியபடியே துவாலையில் சுற்றி அரை மணி நேரம் வைக்கவும். வேகாதிருந்தால் மீண்டும் ஐந்து நிமிடம் அடுப்பில் ஏற்றவும். ஒவ்வொருவர் கிண்ணத்திலும் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் போட்டுப் பரிமாறவும்.

3. சாடினும் கூமராவும்: கூமரா என்பது மாவோரி மக்கள் பயிரிட்டு வந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. இரண்டு பெரிய கிழங்குகளைச் சிறு துண்டுகளாக நறுக்கவும். சிறிதாக நறுக்கினால் விரைவில் வேகும். வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, கறித்தூள் ஒரு மேசைக்கரண்டி, கிழங்கு, 2 கோப்பை நீர் சேர்த்து வேக விடவும். கடைசியாக, தக்காளிச் சாற்றில் உள்ள இரண்டு டின் சாடினைச் சேர்க்கவும். ரொட்டியோடு உண்ணலாம்.

4. கடலை வெண்ணெய் மீ: களைத்துப்போன இரவுக்கு உரியது. 5 பொட்டலம் விரைவு மீயை வேகவைத்து, 3 மேசைக்கரண்டி நிலக்கடலை வெண்ணெயைக் கரைத்துவிட்டு, 4 முட்டைகளை உடைத்து ஊற்றவும். வெறும் மீயைவிட இது நெடுநேரம் தாங்கும். பத்தே நிமிட வேலை.

5. வறுத்த ரவை உப்புமா: காலை உணவு. முகாமுக்குப் புறப்படும் முதல்நாள், தங்கும் விடுதியின் சமையலறையில் 2 கோப்பை ரவையை நெய், கடுகு, உளுத்தம்பருப்பு, முந்திரியுடன் வறுத்து ஆறவைத்துப் பையில் கட்டிக்கொள்ளவும். காலையில் 5 கோப்பை நீரைக் கொதிக்க வைத்து, உப்பிட்டு, ரவையைக் கொட்டிக் கிளறி மூடினால் ஐந்து நிமிடத்தில் உப்புமா தயார். காய்கறி நறுக்கி விரல் விறைக்க வேண்டியதில்லை.

படுக்கும் முன் மைலோ அல்லது சுக்குக் காப்பி ஒரு கோப்பை, அதனோடு வெண்ணெய் தடவிய பிஸ்கட். மீதமுள்ள சுடுநீரைக் கசியாத உறுதியான பாட்டிலில் ஊற்றி, காலுறைக்குள் திணித்துத் தூங்கும் பையில் வைத்துக்கொண்டால் கால்கள் கதகதப்பாக இருக்கும்.

நேரமும் பாதுகாப்பும்

நமக்கு ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியளவில்தான் இருட்டுகிறது. ஜூன் மாதத் தென் தீவில் மாலை 5 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். காலை 8 மணியளவில்தான் மீண்டும் வரும். பதினைந்து மணி நேர இரவு அது. ஆதலால், நான்கு மணிக்கே அடுப்பு மூட்டுவது அறிவுடைமை. மலைப்பகுதிகளில் கேயா என்னும் கிளி இனம் உண்டு. உணவுப் பையைப் பிரிப்பதில் அது கைதேர்ந்தது. எதையும் வெளியே விட்டு வைக்காதீர்கள். அதற்கு உணவும் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு குளிர்ந்தாலும் மூடிய கூடாரத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. அடுப்பிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கம் வருவதுபோலத் தோன்றி உயிரைப் பறித்துவிடும். சாரலும் காற்றும் இருந்தால், வெளியே வாகனத்தின் மறைவில் சமைக்கலாம். அல்லது முகாமில் சமையல் கொட்டகை இருந்தால் அங்குச் செல்லலாம்.

குழுவில் ஒருவர் கடுமையாக நடுங்கி, பேச்சுக் குழறி, பொருள்களைத் தவறவிடத் தொடங்கினால் அவரைக் கவனியுங்கள். நனைந்த உடையை மாற்றி, காற்று படாத இடத்தில் போர்த்தி, விழுங்கும் நிலையில் இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். நடுக்கம் நின்று மயக்கம் வந்தால் அது குணமடைந்ததற்கான அறிகுறி அன்று. உடனே 111 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தொலைபேசித் தொடர்பு கிடைக்காத முகாம்களும் உண்டு. அங்கு இந்நிலை வராமல் காப்பது நேரத்தோடு உண்ட சூடான உணவே.

நண்பர்களே, பயணம் போகும் குழுவில் படம் எடுப்பதற்கு ஒருவர், வாகனம் ஓட்டுவதற்கு இருவர் எனப் பொறுப்பைப் பிரிக்கிறோம். சமையலை மட்டும் “அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுகிறோம். குளிர்நாட்டில் அது கடைசியாக எண்ண வேண்டிய வேலை அன்று. எத்தனை டின் கேஸ், எத்தனை கோப்பை அரிசி, எத்தனை மணிக்கு அடுப்பு என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் கஞ்சியும் உப்புமாவும் பனிமலை அடிவாரத்திலும் நமக்குக் கைகொடுக்கும். வெண்ணெயைக் கொஞ்சம் கூட்டி, மிளகாயைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.