பாதிப் பாயில் ஓடும் படகு

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தாத்தா கட்டுமரத்தில் பாய் விரித்து ஓடியவர். பேரன் ஃபைபர் படகில் மோட்டார் வைத்திருக்கிறார். சென்னைத் துறைமுகத்துப் பக்கம் பாய்ப்படகுகளைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “காற்று ஏறினால் தாத்தா பாயை முழுசாக இறக்கிவிடுவார். இவர்கள் பாதியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்களே, எப்படி?”

வித்தியாசம் பாய் தொங்கும் விதத்தில் இருக்கிறது. கட்டுமரத்தின் முக்கோணப் பாய் பருமல் என்ற நீண்ட கழியில் கட்டப்பட்டு, பருமலோடு சேர்ந்தே மேலே போகும். அரபு மரக்கலங்களிலும் இப்படித்தான்; காற்று முற்றினால் பெரிய பாயை இறக்கிவிட்டுச் சின்னப் பாயை ஏற்றுவார்கள். இன்றைய பாய்ப்படகில் பருமல் இல்லை. பெரும்பாயின் முன்விளிம்பு பாய்மரத்தை ஒட்டியே ஏறுகிறது, அடிவிளிம்பு பூம் என்ற கிடைக்கழியோடு நிற்கிறது. அதனால் தலையைக் கொஞ்சம் இறக்கி, அடியை மடித்தால் அதே பாய் சின்னப் பாயாகிவிடும்.

ஏற்றுவது எளிது. படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி, பாயைக் காற்றுக்கு ஏற்பப் பிடிக்கும் கயிறான தாமானைத் தளர்த்திவிட்டு, முன்விளிம்பு விறைக்கும்வரை பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சானை இழுக்க வேண்டும். மூக்கைத் திருப்பாமல் இழுத்தால் ஏறும்போதே பாயில் காற்றுப் பிடித்துப் படகு சாயும்.

சுருக்குவதில்தான் நுட்பம். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 10 நாட் காற்று 14 நாட் ஆனாலே பாயின் மேல் விழும் விசை ஏறக்குறைய இருமடங்கு. அதுவும் உயரத்தில் விழும் விசைதான் படகை அதிகம் சாய்க்கும். அதனால் தாமானைத் தளர்த்தி, ஆஞ்சானைக் கொஞ்சம் இறக்கி, முன்விளிம்பில் சற்று மேலே தைத்திருக்கும் வளையத்தைப் பூமின் முனைக் கொக்கியில் மாட்டுவார்கள். ஆஞ்சானை மறுபடி விறைப்பாக இழுத்த பிறகு, பின்விளிம்பின் வளையத்தை அதற்கான கயிற்றால் பூமோடு இறுக்குவார்கள். பாய் சுருங்கிவிட்டது.

இந்த இரு வளையங்களுக்கும் நடுவே, பாயின் குறுக்கே, வரிசையாகக் குட்டிக் கயிறுகள் தொங்கும். எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான். பார்ப்பவர்களுக்குப் பாயைப் பிடித்திருப்பதே அவைதான் என்று தோன்றும். உண்மையில் அவை எந்தச் சுமையையும் தாங்கக் கூடாது. எங்கள் தெருவில் பந்தல் போடுகிறவர் தார்ப்பாயின் மூலைக் கயிறுகளை உயிரைக் கொடுத்து இழுப்பார். நடுவில் சுருட்டிய துணிக்கு ஒரு சாக்குநூல்தான் கட்டுவார். அதே கணக்கு. குட்டிக் கயிறுகளின் வேலை, மடிந்த துணி படபடக்காமல் அணைத்து வைப்பது மட்டும். அவற்றை இறுக்கிக் கட்டினால் விசை மூலைகளை விட்டு அங்கே வந்துவிடும், துணி கயிற்றடியிலேயே கிழியும். பாயைத் திரும்ப விரிக்கும்போது இந்தக் கயிறுகளைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டும். மூலையை முதலில் விட்டால் முழு விசையும் ஒரு நூல்மேல் இறங்கும்.

எல்லாப் படகிலும் இந்தக் கயிறு கிடையாது. பாய்ப்படகு வீராங்கனை நேத்ரா குமணன் ஓட்டும் லேசர் வகைப் படகில் பாயை உறைபோல மரத்தில் மாட்டுகிறார்கள். சுருக்க வேண்டுமென்றால் மரத்தையே ஓரிரு சுற்று திருப்பிச் சுருட்டலாம். அந்தச் சென்னைப் பெண் ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணாக டோக்கியோ போய் வந்தார். அவர் பழகிய அதே வங்கக்கடலை முற்றத்தில் வைத்திருக்கும் எண்ணூர்க் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பாய் பிடிக்கக் கற்றுத்தர ஒரு படகுகூட இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்து ஆழம் போய்விட்டது. மோட்டார் வந்தது, சுனாமிக்குப் பிறகு ஃபைபர் பெருகியது, பாய் போய்விட்டது. பிழைப்புக்கு மோட்டார் வேண்டும்தான். ஆனால் டீசல் தீர்ந்து நடுக்கடலில் நிற்கும் படகுக்கு ஒரு சின்னப் பாய் எவ்வளவு பெரிய துணை!

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். விடியலில் கரைக்காற்றில் போய் மதியம் கடற்காற்றில் திரும்பிய நாட்களில், எந்தக் காற்றுக்குப் பாயை இறக்கினார், எதற்குத் தாமானை மட்டும் விட்டார் என்று தாத்தாவிடம் கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதி வையுங்கள்.