தலை நிமிர்ந்தால் நில்லுங்கள்

மாணவர்களே, பாகான் டத்தோ கடற்கரையில் நீர் வற்றும் நேரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பேராக் ஆறு கடலில் கலக்கும் வட்டாரம் இது. சதுப்புநிலக் காட்டுக்கு வெளியே சேறு வெகுதூரம் விரிந்து கிடக்கும். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை உள்ளான், பவளக்காலி போன்ற பறவைகள் அந்தச் சேற்றில் அலகை விட்டு இரை தேடும். சைபீரியா, மங்கோலியா, சீனா ஆகிய இடங்களில் குஞ்சு பொரித்து, குளிர் வருமுன் தெற்கே வரும் விருந்தாளிகள் இவை.

சில ஆண்டுகளுக்கு முன், நல்ல படம் வேண்டும் என்ற ஆசையில் நானும் கைப்பேசியோடு அவற்றை நெருங்கினேன். கூட்டம் முழுவதும் கத்திக்கொண்டு எழுந்து பறந்தது. என் படத்தில் மங்கலான புள்ளிகள்தான் இருந்தன. “பறந்துதானே போயின, அதனால் என்ன நட்டம்?” என்று அன்று நினைத்தேன்.

நட்டம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் கடலில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். புழு, சிப்பி, சிறு நண்டு எல்லாம் சேற்றுக்குள் இருப்பதால், நீர் வற்றிய சில மணி நேரம்தான் பறவைக்குச் சாப்பாட்டு வேளை. நீர் ஏறிவிட்டால் கரையோரம் ஒதுங்கி ஓய்வெடுக்க வேண்டும். சாப்பிடும்போது விரட்டினால் வரவு குறைகிறது; ஓய்வெடுக்கும்போது விரட்டினால் செலவு கூடுகிறது. பறப்பதுதான் பறவைக்கு மிக அதிக ஆற்றல் பிடிக்கும் வேலை.

அந்த ஆற்றல் எதற்கு? உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த பட்டைவால் மூக்கனைப் பாருங்கள். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு மூக்கன், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. அதன் உடலில் பொருத்திய கருவி இதைப் பதிவு செய்தது. கிளம்பும் நேரத்தில் இப்பறவையின் எடையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. அதுதான் எரிபொருள். நடுக்கடலில் தீர்ந்துபோனால் நிரப்ப நிலையம் கிடையாது. நம் கரைக்கு வரும் பறவைகளும் ஊர் திரும்ப இப்படித்தான் கொழுப்புச் சேர்க்கின்றன. நாம் ஒருமுறை விரட்டினால் சிறிய இழப்புதான். ஆனால் நமக்குப் பின் இன்னொருவர், அவருக்குப் பின் ஒரு படகு என்றால்?

அப்படியானால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்? எல்லாப் பறவைக்கும் பொருந்தும் ஓர் அளவு இல்லை. இனம், கூட்டத்தின் அளவு, நாம் வரும் வேகம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். ஆனால் பறவையே நமக்குச் சொல்லிவிடும். முதலில் இரை தேடுவதை நிறுத்தித் தலையை நிமிர்த்தும். பிறகு குரல் கொடுக்கும், விலகி நடக்கும். கடைசியில்தான் பறக்கும். அது பறந்த பிறகு நிற்பதில் பயனில்லை. முதல் தலை நிமிர்ந்ததுமே நில்லுங்கள். அது மீண்டும் குனியவில்லை என்றால், மெதுவாகப் பின்வாங்குங்கள்.

நேராக நடந்து போகாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருங்கள். பழகிய பின் பறவைகளே பக்கத்தில் வரக்கூடும். பறக்கும் படத்துக்காகக் கல்லெறிவதும் கை தட்டுவதும் வேண்டாம். டிரோனைக் கண்டால் கழுகு வந்ததுபோல் பறவைகள் கலையும். கைப்பேசிக்கு எட்டாத தூரம் என்றால், தொலைநோக்கியில் பார்த்து நோட்டில் வரையுங்கள்.

தாமான் நெகாரா போன்ற தேசியப் பூங்காக்களில் விதிகளை நினைவூட்ட ஆட்கள் இருப்பார்கள். நம் ஊர்ச் சேற்றுக்கரையில் உங்களைத் தடுக்க யாரும் இல்லை. அடுத்த முறை போகும்போது, நல்ல படம் கிடைத்ததா என்பதோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் திரும்பும்போது பறவைகள் இன்னும் மேய்ந்துகொண்டிருந்தனவா?