வயதல்ல, எடைதான் கணக்கு

செம்மறிப் பெட்டைக்குட்டி எப்போது பருவத்துக்கு வரும்? பலரும் மாதத்தைத்தான் எண்ணுவார்கள். குட்டியின் உடலோ தீவனத்தை எண்ணுகிறது.

உடம்பில் சேரும் கொழுப்பிலிருந்து லெப்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. உடலில் இருப்பு போதுமா என்பதை மூளை அறிய உதவும் சேதிகளில் இதுவும் ஒன்று. இருப்பு போதவில்லையென்றால், சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனை மூளை அடக்கியே வைத்திருக்கும். அரைவயிறாக வளர்ந்த குட்டி, வயது கடந்தும் பருவத்துக்கு வராமல் நிற்பது இதனால்தான். அதை மலடு என்று முடிவுகட்டி விற்றுவிடாதீர்கள்! வயிறாரத் தீவனம் கிடைத்தால் சில வாரங்களிலேயே பருவ அறிகுறி தெரியக்கூடும்.

பருவம் வந்ததுமே கிடாவோடு சேர்ப்பதும் தவறு. அந்த இனத்தின் வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது குட்டிக்கு வந்திருக்க வேண்டும். தாய் ஆடு 30 கிலோ என்றால் குட்டி 20 கிலோ.

இந்த எடை வர, குட்டி பால் மறந்த பிறகு மேய்ச்சலோடு வேலிமசால், கடலைக்கொடி, கொஞ்சம் அடர்தீவனம் கொடுங்கள். குடற்புழு நீக்கத்தையும் தவறவிடாதீர்கள். மாதம் ஒருமுறை குட்டிகளை எடைபோட்டு எழுதி வையுங்கள்.