கறுப்பிலிருந்து சுரண்டி எடுத்த நிலவொளி

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடர், அந்தி சாய்ந்ததும் கோடுகளை இழந்துவிடும். மரமும் பாறையும் கரைந்து, அடர்நிழலும் வெளிர்நிழலுமே மிஞ்சும். செப்புத் தகட்டில் கோடு கிழித்துப் படம் அச்சிட்டவர்கள் இதை எப்படிக் காட்டுவது? 17ஆம் நூற்றாண்டு ஹாலந்துக் கலைஞர்களை வாட்டிய சிக்கல் இது. எல்ஸ்ஹைமரின் இரவுக் காட்சி ஓவியத்தை 1613இல் அச்சுக்குச் செதுக்கிய ஹென்ட்ரிக் கௌட், இருட்டுக்காகக் கோட்டின்மேல் கோடாக நெருக்கி அடுக்கினார்.

வழி திறந்தது மெஸ்ஸோடின்ட். லுட்விக் ஃபான் சீகன் 1642இல் இம்முறையில் ஓர் உருவப்படம் வெளியிட்டார். இளவரசர் ரூபர்ட்டும் ஆம்ஸ்டர்டாமின் வலெரான் வையாங்கும் அதை வளர்த்தார்கள். வளைந்த விளிம்பில் நுண்பற்கள் கொண்ட உளியைத் தகடு முழுவதும் பல திசைகளில் ஆட்டி ஆட்டிச் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே மை பூசி அச்சிட்டால் முழுக் கறுப்பு. பிறகு வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டி மழமழப்பாக்குவார்கள். அங்கே மை தங்காது. இருட்டில் தொடங்கி நிலவை வெளியே எடுக்கும் இம்முறை இரவுக் காட்சிக்கென்றே பிறந்தது போலிருக்கிறது. நிலக்காட்சி ஓவியர் அலார்ட் ஃபான் எவர்டிங்கன் போன்றோர் அதை முயன்று பார்த்தார்கள். ஆனால் அச்சியந்திரம் அழுத்த அழுத்தச் சொரசொரப்பு நசுங்கும். முதலில் எடுத்த பிரதிகளே சிறந்தவை.

நம் மலைகளை அச்சில் ஏற்றியது இதற்கு நேரெதிரான அக்வாடின்ட். தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தென்னகம் சுற்றினார்கள். 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளிவந்த அவர்களின் 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பில் பாபநாசம் அருவியும் களக்காட்டுப் பக்கமிருந்து பார்த்த குமரிமுனை மலைகளும் உண்டு. திருவண்ணாமலையில் தெரியும் அதே தொடரின் தென்பகுதி அது.

அக்வாடின்ட் முறையில் தகட்டின்மேல் பிசின்தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் இடுவார்கள். வெண்மையாக நிற்கவேண்டிய இடத்துக்கு முதலிலேயே வார்னிஷ் பூச்சு. சற்று நேரம் அரித்ததும் வெளிர்நிழலை மூடி, மீண்டும் அமிலம். அதிக நேரம் அரிபடும் இடமே ஆழ்ந்த கறுப்பு. அருவிச் சாரலையும் மலைமூட்டத்தையும் கோடில்லாமல் காட்டியது இந்தப் பொறுமைதான். பின்னர் கையால் வண்ணமும் தீட்டினார்கள்.

அருங்காட்சியகத்தில் இத்தகைய படத்தைக் கண்டால் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மை வலையாகவும் அதன் நடுவே வெள்ளைப் புள்ளிகளாகவும் தெரிந்தால் அக்வாடின்ட். அப்புள்ளிகள் பிசின்தூள் காத்த இடங்கள்.