நூலாசிரியரும் அவர்தம் துணைவரும்

ஒரு நூல் பிறத்தற்கு ஆசிரியர் ஒருவரே போதும் என்பது மாணவர் பலருடைய எண்ணம். பண்டைத் தமிழர் அங்ஙனம் கருதினாரல்லர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து, அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிற்று என்று பாயிரம் கூறும். ஆசான் எழுப்பிய தடைகட்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறினார் என்பர் உரைகாரர். அவ்வவையின் இடத்தில் இக்காலத்து நிற்போர் இருவர். நூலைச் செப்பனிடுபவர் பதிப்பாசிரியர். நூலைப் பதிப்பகத்தாரிடம் கொண்டுசென்று உடன்பாடு செய்விப்பவர் இலக்கிய முகவர்.

இவ்விருவர் தொழிலையும் விளக்க, 1906-இல் சென்னையிற் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற ஆர். கே. நாராயணின் வரலாற்றை ஈண்டுக் காட்டுவாம். இவருடைய முதல் நாவலை இங்கிலாந்துப் பதிப்பகத்தார் பலர் மறுத்தனர். மனம் வெறுத்த நாராயண், ஆக்ஸ்போர்டிலிருந்த நண்பர் பூர்ணாவுக்கு, கையெழுத்துப் படியைக் கல்லொடு கட்டித் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடுமாறு எழுதினார். நண்பரோ அதனை எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் சேர்ப்பித்தார். கிரீன் படித்து மகிழ்ந்து, ஹமிஷ் ஹாமில்டன் பதிப்பகத்தாரை இசைவித்தார். 1935-இல் நூல் வெளிவந்தது.

கிரீன் செய்தது பதிப்பாசிரியர் பணியே. ஆங்கில நடையை ஆங்காங்கே திருத்தினார். ‘சுவாமி, தி டேட்’ என்றிருந்த தலைப்பு ‘சுவாமி அண்டு பிரண்ட்ஸ்’ ஆயிற்று. ஆங்கிலேயர் நாவிற்கு எளிதாகும்பொருட்டு, நாராயணசுவாமி என்ற பெயரும் நாராயண் எனக் குறுகிற்று. பெற்றோர் இட்ட பெயரை வாங்குவோர் வசதிக்காகக் குறைத்தல் முறையோ எனின், அது சிறு இழப்பன்று என்றே கூறுவாம். ஆயினும் மால்குடி மால்குடியாகவே நின்றது. சுவாமிநாதனும் இராஜமும் மணியும் தத்தம் பெயரோடே உலவினர். தலைப்பிற் கைவைத்தவர் நூலின் உயிரிற் கைவைத்திலர்.

இனி முகவர் பணியை நோக்குவாம். முதல் நூல் நன்கு விலைபோகாமையால் ஹாமில்டன் அடுத்ததை ஏற்றிலர். இரண்டாம் நாவலை 1937-இல் நெல்சன் பதிப்பகமும், மூன்றாவதை 1938-இல் மாக்மில்லனும் வெளியிட்டன. நான்கு ஆண்டுகளில் மூன்று நூல், மூன்று பதிப்பகம்! மைசூரில் வாழ்ந்த ஆசிரியர் இலண்டன் வாயில்தோறும் சென்று தட்டுதல் யாங்ஙனம்? அதற்கே கிரீனின் வழியாக டேவிட் ஹையம் என்பவர் முகவராக வாய்த்தார். ஆசிரியர்க்கு வரும் தொகையில் ஒரு பங்கே முகவரின் ஊதியம். ஆசிரியர்க்கு வரவில்லையேல் இவர்க்கும் இல்லை. ஆகலின் இருவர் நலனும் ஒன்றாகும். கிரீனும் நாராயணும் முதன்முதல் நேரிற் கண்டது 1956-இலேதான். அதுகாறும் அவர்தம் நட்பை வளர்த்தவை கடிதங்களே.

தமிழில் எழுதுவோர்க்கு இலக்கிய முகவர் இன்றும் அரியர். எழுத்தாளர் பெரும்பாலும் தாமே பதிப்பகத்தாரோடு பேசி முடிக்கின்றனர். எழுதத் தெரிந்தவர்க்கு உடன்படிக்கையைப் படிக்கவும் தெரிதல் வேண்டும். செப்பனிடும் கண்ணோ நமக்கு அருகிலேயே உண்டு. கும்மிடிப்பூண்டி ஆலையில் உருக்கிய இரும்பும் சோதனைக்குப் பின்னரே வாயிலைக் கடக்கின்றது. நம் திருவள்ளூர்ப் பக்கத்து மாணவர் எழுதும் கதையும் பாட்டும் அச்சேறுமுன் பிறரொருவர் சோதனைக்கு உட்படுதல் இழுக்கன்று. எழுதியதை நண்பரிடம் கொடுத்து, குறைக்கத்தக்கது எது என வினவுக. எதனை விட்டுக்கொடுத்தல் ஆகாது என்பதை மட்டும் முன்னரே நெஞ்சில் துணிந்துகொள்க.